ஸ்டெல்லா அக்காவின் திங்கள், புதன், வெள்ளி

முதலில் ஓர் அசிங்கத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் டயாலிசிஸ் நிலையத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் கிள்ளானில் ஒரு கோப்பிக் கடையில் சீனி போடாத தேநீரை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் அரைக் கிளாஸ். எங்களுக்கு அவ்வளவுதான் அனுமதி. செய்தியைப் படித்தேன். கண் கலங்கியது. அது நிஜம். ஆனால் கண் கலங்கிக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் தன் பாட்டுக்கு ஒரு வேலை பார்த்தது. நிலையத்தின் மூத்த தாதிக்குத் தனியாக அனுப்புவதாக நினைத்துக்கொண்டு, "மிஸ்ஸி, அப்போ அந்த ஜன்னல் ஓர நாற்காலி இனி யாருக்கு?" என்று தட்டி அனுப்பிவிட்டேன். அது குழுவுக்குப் போய்விட்டது.

குழுவில் அக்காவின் மகள் மெர்சியும் இருந்தாள். நான் பதறிப்போய் அழித்தேன். "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்ற வரி மட்டும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது, திருடன் போன பிறகும் திறந்து கிடக்கும் கதவு மாதிரி. ஐந்து நிமிஷம் கழித்து மெர்சியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது: "அங்கிள், நான் படிச்சிட்டேன். அம்மாவை இன்னும் ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கே கொண்டு வரலை லா. அவங்களை அடக்கம் பண்ணிட்டு நாற்காலி விஷயத்தைப் பேசுவோமா?"

இப்படிப்பட்ட ஆள்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன். கல்யாண மேடைகளில் அறிவிப்பாளன், வார இதழ்களில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன், சிறுநீரகம் இரண்டும் செத்தவன். இந்த மூன்றில் கடைசித் தகுதி ஒன்றுதான் என்னை ஸ்டெல்லா அக்காவிடம் கொண்டு சேர்த்தது.

உங்களில் பலருக்கு அவரை வேன் அக்காவாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இன்றைக்கு வக்கீலாகவும் எஞ்சினியராகவும் காரில் போகிற பாதிப் பேர் ஒரு காலத்தில் அந்த மஞ்சள் வேனில், ஒருத்தர் மடியில் ஒருத்தர் பையை வைத்துக்கொண்டு, அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள்தான். வீட்டு வாசலில் வேன் நின்றதும் இரண்டு முறை ஹார்ன். கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு முறை. மூன்றாவது முறை அடிக்கும்போது தெருவில் இருக்கிற நாய்கள்கூடச் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்துவிடும் என்பார்கள். பிள்ளைகள் ஏறினதும் கண்ணாடியில் பார்த்துத் தலை எண்ணுவார். இறங்கும்போதும் எண்ணுவார். "பாடத்துல நீ கோட்டை விடலாம். என் வேன்ல ஒரு தலை குறையக்கூடாது" என்பது அவர் வாக்கு.

எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. நான் அவரைப் பார்த்தது ஐம்பத்தோரு வயதில், டயாலிசிஸ் நிலையத்தில், என் முதல் நாளன்று. திங்கள், புதன், வெள்ளி காலை முறை. பதினைந்து சாய்வு நாற்காலிகள், பதினைந்து இயந்திரங்கள். முதலில் தராசில் ஏறி நிற்க வேண்டும். போன தடவைக்குப் பிறகு உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறதோ அதை இயந்திரம் நாலு மணி நேரத்தில் உறிஞ்சி எடுக்கும். நான் பயத்தில் தராசு மேல் நின்றுகொண்டு, அழகாக ஒரு ஜோக் அடித்தேன். எல்லா மேடையிலும் எடுபட்ட ஜோக். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஜோக்கு முடிஞ்சிருச்சா தம்பி? இறங்குங்க. பின்னால ஆள் நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். குட்டையான உருவம். கையில் தடி. கழுத்தில் ஜெபமாலை. ஒரு கால் கொஞ்சம் இழுக்கிற நடை.

"நீங்கதான் இங்க மேனேஜரா?" என்றேன், கொஞ்சம் நக்கலாக.

"இல்ல. நானும் உங்களை மாதிரி ஒண்ணுக்குப் போக வழியில்லாத ஆளுதான். பேரு என்ன?"

"கோவிந்தன்."

"கோவிந்தன். பன்னிரண்டாம் நம்பர் நாற்காலி" என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். எதையோ பதிந்து வைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. எங்கே பதிந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊசி போடும்போது நான் கத்தின கத்தல் எதிர்வரிசை சாப்பாட்டுக் கடைவரை கேட்டதாக இன்றும் சொல்கிறார்கள். அது மிகை. பக்கத்து மருந்துக்கடைவரைதான் கேட்டது. அக்கா தன் நாற்காலிக்குப் போகாமல் என் பக்கத்தில் நின்றார். கையைப் பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் இப்படித்தான் கத்துவீங்க. மூணாவது வாரம் வெட்கம் வந்துரும்" என்றார். சொன்னபடியே வந்தது.

அவர் கதையை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேகரித்தேன். நான் ஊர்வம்புக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். நாலு மணி நேரம் ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் மூன்று தலைமுறை தெரிந்துவிடும். அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள், மழையில் பந்திங் ரோட்டில் வெள்ளமாகி அந்தப் பக்கத்து ஆட்கள் வரத் தாமதமாக, பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததால் அவரே என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று சொன்னார்.

கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷமே அக்காவின் சிறுநீரகம் போயிற்று. சர்க்கரை வியாதி கண்ணையும் பாதியாக்கியது. பள்ளிக்கூட வேன் ஓட்ட மருத்துவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வேனை விற்ற அன்று, வாங்க வந்தவர் வேனைப் பின்னால் எடுத்தபோது ஹார்ன் அடித்தாராம். "அந்தச் சத்தம் கேட்டு நான்தான் தம்பி வாசலுக்கு ஓடினேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு மாசம் நிலையத்தில் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு மட்டும் தவறாமல் போனார். ஜெபிக்க இல்லை, சண்டை போட. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு உதடு அசையாமல் ஆண்டவரைத் திட்டுவாராம். "புருஷனை எடுத்தீங்க. சரி, அது உங்க உரிமை. வேனை எதுக்கு எடுத்தீங்க? அந்தப் பிள்ளைங்களை நீங்களா கொண்டுபோய் விடப் போறீங்க? என்னை என்னத்துக்கு வச்சிருக்கீங்க, அதையாவது சொல்லுங்க." இதுதான் ஆறு மாசமும் கேள்வி. பதில் வரவில்லை.

"ஏன் அக்கா பிறகும் போனீங்க?" என்று கேட்டேன்.

"சண்டை போடவும் ஒரு ஆள் வேணும்ல? அவரு இல்லைன்னு நினைச்சிருந்தா எதுக்குத் தம்பி திட்டப் போறேன்?"

பதில் ஒரு புதன்கிழமை வந்தது என்பார். அவருக்கு எதிர் நாற்காலியில் லிம் அங்கிள் என்று ஒரு கிழவர் இருந்தார். தனிக்கட்டை. பேசமாட்டார். போகும்போது வரும்போது தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு திங்களன்று அந்த நாற்காலி காலியாக இருந்தது. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததால் கவனிக்கவில்லை. புதனன்று அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "அந்தக் கிழவர் எங்க மிஸ்ஸி?" என்று கேட்டார். மிஸ்ஸி தயங்கித் தயங்கிச் சொன்னார்: திங்களன்று போன் அடித்துப் பார்த்தோம், எடுக்கவில்லை. வாடகைக்கு இருந்த அறையில் இறந்து கிடந்திருக்கிறார், நேற்றுத்தான் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார்.

இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் தாழ்ந்தது. "என் வேனுக்கு ஒரு பிள்ளை வரலைன்னா நான் வாசல்ல நின்னு மூணு தடவை ஹார்ன் அடிப்பேன் தம்பி. அந்த மனுஷன் வாசல்ல போய் ஒருத்தரும் அடிக்கலை. எதிர்ல படுத்திருந்த நானும் அடிக்கலை. அன்னிக்கு நாலு மணி நேரமும் அழுதேன். அழுது முடிச்சப்போ விளங்கிருச்சு. ஆண்டவர் என்கிட்டேர்ந்து வேனை எடுக்கவே இல்ல. இடத்தை மாத்தியிருக்கார். நான்தான் ஆறு மாசமா சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டு, வண்டி எங்கே வண்டி எங்கேன்னு அவரைத் திட்டிக்கிட்டிருந்திருக்கேன்."

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் தலை எண்ண ஆரம்பித்தார்.

அந்த எண்ணிக்கையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஊசி குத்துவதற்கு முன் கதவுப் பக்கத்திலிருந்து ஜன்னல்வரை தடியை ஊன்றிக்கொண்டு ஒரு நடை. ஒவ்வொரு நாற்காலியிலும் பெயர். யாராவது இல்லையென்றால் உடனே போன். இரண்டு முறை மணி அடிக்கவிட்டு வெட்டுவார். மறுபடி இரண்டு. மூன்றாவது தடவைதான் பேசுவார். ஏன் வரவில்லை என்று கேட்கவே மாட்டார். இருந்த இடத்திலிருந்தே, "நான் கேட்டுக்கு வெளியில நிக்கறேன்" என்பார். அவ்வளவுதான். ஆள் எங்கே இருந்தாலும் கால்சட்டையைத் தேட ஆரம்பித்துவிடும். ஷா ஆலாமிலிருந்து வருகிற ஒரு லோரி டிரைவர், ஆறடி உயரம், மீசை, பச்சை குத்தின கை, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து மகள் நிச்சயதார்த்தத்தன்றுகூட வந்து ஊசி போட்டுக்கொண்டார்.

எண்ணி முடித்து, தன் நாற்காலியில் சாய்ந்து, இயந்திரம் சுற்ற ஆரம்பித்ததும் ஜெபமாலையைக் கையில் எடுப்பார். ஒரு மணிக்கு ஒரு ஆள். ஒன்றாம் நம்பர் நாற்காலியில் தொடங்கி வரிசையாக. என் பெயரை அன்று அவர் பதிந்து வைத்தது அங்கேதான். மாலையில் பத்துப் பத்து மணியாகத்தானே கோத்திருக்கிறது, பதினைந்து பேர் எப்படி என்று கணக்குக் கேட்டேன். "வேன்ல பன்னிரண்டு சீட்டுல இருபது பேரை ஏத்தினவ நான்" என்றார்.

இது தெரியவந்தபோது எங்கள் நான்காம் நம்பர் கண்ணம்மா அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் பால்குடம் எடுக்கிறவர். நேரே வந்து கேட்டுவிட்டார்.

"இந்தா ஸ்டெல்லா, எனக்கு முருகன் இருக்கான். நீ எதுக்கு என் பேரைச் சொல்லி உருட்டறே? என்னை மதம் மாத்தப் பார்க்கறியா?"

"உன்னை மாத்திட்டு உன்னோட வாயை யாரு கோயில்ல வச்சுக்கறது? உன் சாமிகிட்ட நீ சொல்லு. என் சாமிகிட்ட நான் சொல்றேன். ஒரு ஆளுக்கு ரெண்டு எடத்துல சிபாரிசு இருந்தா நல்லதுதானே?"

கண்ணம்மா அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார். "அப்போ என் கால் வீக்கத்தையும் சேர்த்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவரே முருகனிடம் ஸ்டெல்லாவின் கண்ணுக்காக ஒரு தேங்காய் உடைத்தார். ஒன்பதாம் நம்பர் மலாய்க்கார அக்கா, மாக்சிக் ரோகையா, தன் தொழுகையில் எங்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். எந்தச் சாமியிடம் யார் எங்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கே கணக்குத் தெரியாமல் போயிற்று. மலேசியாவில் வேறெங்கும் எனக்கு இவ்வளவு செல்வாக்கு இருந்ததில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொன்னதாகாது.

இரண்டாவது வருஷம் என் கையில் ஊசி போடுகிற நரம்பு அடைத்துக்கொண்டது. கழுத்தில் ஒரு குழாயைச் செருகி, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அப்படியே பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அறிவிப்பாளனாகப் போனேன். கோட்டுக் காலரை உயர்த்தி மறைத்துத்தான் போனேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், நான் குனிந்தபோது குழாயைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. கல்யாண வீட்டுக்காரர் மரியாதையானவர். சாப்பாடு போட்டு, தோளைத் தட்டி, "நீங்க ரெஸ்ட் எடுங்க அண்ணே" என்று மீதி நிகழ்ச்சிக்குத் தன் மைத்துனரை ஏற்றிவிட்டார். மைத்துனர் என் ஜோக்குகளையே அடித்தார். அவருக்குக் கைதட்டல் வந்தது.

ஊரையே சிரிக்கவைத்தவனைப் பார்த்து ஒரு குழந்தை பயந்து அழுதால், பிறகு எதற்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து அப்படித்தான் யோசித்தேன். பிள்ளைகள் ஜொகூரில். மனைவி என்னை விட்டுப் போய்ப் பத்து வருஷம், உயிரோடுதான், நல்லபடியாக. யாரிடமும் சொல்லவில்லை. திங்களன்று போகவில்லை. போன் இரண்டு மணி அடித்து நின்றது. மறுபடி இரண்டு. மூன்றாவதை எடுத்து, "அக்கா, நான் ஈப்போவுல இருக்கேன். சொந்தக்காரர் கல்யாணம். இங்கேயே ஒரு சென்டர்ல பண்ணிக்கறேன்" என்றேன். மேடைக் குரல். நம்பும்படி சொன்னேன். புதனும் போகவில்லை. புதனன்று போனை அணைத்து வைத்துவிட்டேன்.

சாக வேண்டும் என்று முடிவெடுத்தேன் என்று சொன்னால் பெரிய வார்த்தை. போகாமல் இருந்தேன், அவ்வளவுதான். எங்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வாரம்.

வியாழன் மத்தியானம். என் வீடு அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. லிப்ட் இரண்டு நாளாகக் கெட்டுக் கிடந்தது. முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுவதால் உட்கார்ந்தே இருந்தேன். தாகம். எங்களுக்கு ஆகவே ஆகாதது இளநீர். அதில் இருக்கிற பொட்டாசியம் நேரே இதயத்தை நிறுத்தும் என்று தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். நான் வாசல் கடையிலிருந்து இளநீர் வாங்கிவரச் செய்து, கிளாஸில் ஊற்றி, கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ புஸ்புஸ் என்று மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து கதவைத் திறந்தேன்.

இரும்புக் கதவுக்கு வெளியே, சப்பாத்து வைக்கிற பலகைமேல், தடியை மடியில் போட்டுக்கொண்டு ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்திருந்தார்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். என் வீங்கின முகம், கைலி, கையில் இளநீர். அந்தப் பார்வையில் என் ஈப்போக் கல்யாணம் மொத்தமும், மாப்பிள்ளை பெண்ணோடு, கவிழ்ந்து விழுந்தது. பிறகு சொன்னார்:

"இந்தத் தடவை நெசமாவே கேட்டுக்கு வெளியில நிக்கறேன்."

"உட்கார்ந்திருக்கீங்க அக்கா" என்றேன். பழக்கதோஷம்.

"வாயைப் பாரு, சாகப் போற நேரத்துல. கிளாஸைக் கீழ வைங்க. பூட்டைத் திறங்க."

திறந்தேன். உள்ளே வந்து இளநீரை எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மேடையில் பேசினவன், அழுகையிலும் வசனம் பேசினேன். "அக்கா, நான் இனி எதுக்கு? சொல்லுங்க. உங்களுக்காவது ஆண்டவர் சொன்னார். எனக்கு யாரு சொல்றது? எதுக்காக நான் இருக்கணும்?"

பெரிய உபதேசம் வரும் என்று எதிர்பார்த்தேன். வசனத்துக்கு வசனம் வேண்டும் அல்லவா.

"எதுக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. எனக்குச் சொல்லவே அவருக்கு ஆறு மாசம் ஆச்சு. உங்களுக்கும் சொல்வாரு. ஆனா அவர் சொல்ற அன்னிக்கு நீங்க உசுரோட இருக்கணும்ல? சட்டையைப் போடுங்க. மெர்சி கீழ கார்ல இருக்கா."

இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் என்னை முன்னால் விட்டு, பின்னால் அவர் வந்தார். இரண்டு மாடி. அவருக்குக் கண் பாதி, கால் பாதி. எனக்கு மூச்சு பாதி. இரண்டு பேரையும் சேர்த்தால் ஓர் ஆள்கூடத் தேறாது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இன்னும் அரை நாள் போயிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அக்கா அதைக் காதில் வாங்காத மாதிரி மணியை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரே மணியைத் திரும்பத் திரும்ப. எத்தனையாவது மணி என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் பதில் கிடைக்க நாலு மாசம் ஆனது. ஒரு திங்களன்று புதிதாக ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ஊசியைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்து ஓடப் பார்த்தார். அக்கா தன் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார்: "கோவிந்தன் தம்பி! அந்தச் செத்த ஜோக்கு ஒண்ணு வச்சிருக்கீங்களே, தராசு ஜோக்கு. அதை அங்க போய்ச் சொல்லுங்க." போய்ச் சொன்னேன். ஆசிரியை அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். அந்த இடைவெளியில் மிஸ்ஸி ஊசியைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் ஊசியின்போது பக்கத்தில் நிற்பது என் வேலை. நான் எந்த மேடையிலும் இவ்வளவு சரியாக நேரம் பார்த்து ஜோக் அடித்ததில்லை. அக்கா அதற்கெல்லாம் சிரிக்கமாட்டார். கோயிலுக்குப் போகாத எனக்கு, யாரோ பார்த்துச் செய்துதான் இந்த வேலை கிடைத்தது என்பதில் சந்தேகம் இல்லை.

போன வருஷம் அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மூன்றாவது வாரம் சக்கர நாற்காலியில் வந்தார். வந்ததும் கதவிலிருந்து ஜன்னல்வரை ஓட்டச் சொல்லித் தலை எண்ணினார். "இப்பத்தான் மறுபடி எனக்குச் சக்கரம் கிடைச்சிருக்கு" என்றார். நாங்கள் யாரும் சிரிக்கத் தெரியாமல் நின்றோம். அவர்தான் சிரித்தார்.

கடைசித் திங்களன்று அவர் வரவில்லை. பதினான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாரும் சொல்லாமலே நான் போனை எடுத்தேன். இரண்டு மணி அடித்து வெட்டினேன். மறுபடி இரண்டு. மூன்றாவது தடவை மெர்சி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றாள். "அம்மாகிட்ட என்ன சொல்லட்டும் அங்கிள்?" கேட்டுக்கு வெளியில் நிற்கிறோம் என்று சொல்லச் சொன்னேன். வியாழக்கிழமை போய்விட்டார். எங்களுக்கு முறை இல்லாத நாள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்.

அடக்கப் பூசைக்கு மாதா கோயில் நிரம்பி வழிந்தது. வேனில் போன பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் கையில் கட்டோடு ஒரு வரிசை. கண்ணம்மா அக்கா நெற்றி நிறைய விபூதியோடு முதல் பெஞ்சில். மாக்சிக் ரோகையா வெளியே மரத்தடியில் பூசை முடியும்வரை நின்றார். பாதர் என்னைப் பேச அழைத்தார். ஆயிரம் மேடை ஏறினவன், அன்று ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அந்த வியாழக்கிழமையைச் சொன்னேன். பாதிக் கண்ணோடும் இழுக்கிற காலோடும், லிப்ட் இல்லாமல், ஓர் ஊதாரியைத் தேடி இரண்டு மாடி ஏறி வந்த பெண்மணி என்று சொன்னேன். என் பொய்யை அவர் ஒரு விநாடிகூட நம்பவில்லை என்றும் சொன்னேன். கோயிலே அழுதது. பெருமையாக இருந்தது. எனக்கு இப்படி ஒருத்தர் இருந்தார் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான். காலை முறையில் கதவிலிருந்து ஜன்னல்வரை நான் நடக்கிறேன். பதினைந்து பெயர்கள். எனக்கு ஜெபமாலை உருட்டத் தெரியாது. விரலை மடக்கி, ஒரு விரலுக்கு ஓர் ஆள் என்று, அக்கா யாரிடம் பேசினாரோ அவரிடமே சொல்லிக்கொள்கிறேன். பிழையாகத்தான் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதுவரை ஒரு தலையும் சொல்லாமல் குறையவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு மெர்சி எனக்குக் கோப்பி கொண்டுவந்தாள், அரைக் கிளாஸ். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"அங்கிள், அன்னிக்கு நீங்க கோயில்ல பேசினது ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் அப்போ சொல்லலை. அம்மா அன்னிக்கு உங்களைத் தேடி வரலை. உங்க பிளாட்டுல நாலாவது மாடியில ஒரு ஆன்டி முறுக்கு சுடுறாங்கல்ல, கிறிஸ்மஸுக்கு ஆர்டர் கொடுக்க வந்தாங்க. ரெண்டு மாடி ஏறினதும் முடியலை, உட்கார்ந்துட்டாங்க. நீங்க கதவைத் திறந்ததும் அவங்களுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சாம். நீங்க ஈப்போவுலதான் இருக்கீங்கன்னு முழுசா நம்பியிருந்தாங்க அங்கிள். நல்லபடியா திரும்பி வரணும்னு புதன்கிழமை உங்களுக்கு ரெண்டு மணி சேர்த்து உருட்டினாங்க."

வீட்டுக்கு வந்ததும் நாலாவது மாடிக்கு ஏறி அந்த ஆன்டியிடம் விசாரித்தேன். நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். இரண்டு டின் தேன்குழல். நேரில் வந்து ருசி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அக்கா முதலில் சொன்னாராம். கடைசியில் போனில்தான் சொன்னார், நாலாவது மாடிக்கு வரவேயில்லை என்றார்.